செவில் நகரில் நடந்த 24-வது ஆட்டம்

சதுரங்கம் நம் தேசத்தில் பிறந்த விளையாட்டு என்பதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. ஆனால் அந்த விளையாட்டின் சரித்திரத்திலேயே மிக நெருக்கமான போட்டி எது என்று கேட்டால், அது நம் தேசத்தில் நடந்ததல்ல. சோவியத் நாட்டைச் சேர்ந்த அனடோலி கார்போவ், காரி காஸ்பரோவ் என்ற இருவர் 1984 முதல் 1990 வரை உலகப் பட்டத்துக்காக ஐந்து முறை மோதினார்கள். ஐந்து போட்டிகளிலும் சேர்த்து மொத்தம் 144 ஆட்டங்கள். அவற்றில் காஸ்பரோவ் வென்றவை 21. கார்போவ் வென்றவை 19. மீதி 104 ஆட்டங்களும் டிரா. புள்ளிக் கணக்கில் சொன்னால் 73-க்கு 71.

விஞ்ஞானப் பட்டதாரி என்பதால் எண்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றும். ஒரு நாணயத்தை 40 முறை சுண்டினால் 23 தலை, 17 பூ என்று விழுந்தால்கூட யாரும் அந்த நாணயத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள். 21-க்கு 19 என்பது அதைவிடவும் சமம். அப்படியிருந்தும் 1985-க்குப் பிறகு பட்டம் காஸ்பரோவிடமே இருந்தது. அந்த வருஷங்களில் கார்போவால் அதைத் திரும்பப் பெற முடியவில்லை. வெற்றிகள் எத்தனை என்பதைவிட, அவை எந்த நாளில் வந்தன என்பதுதான் விஷயத்தைத் தீர்மானித்தது. அதற்குச் சரியான உதாரணம் 1987 டிசம்பரில் ஸ்பெயின் தேசத்து செவில் நகரில் நடந்த ஓர் ஆட்டம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இருவரும் ஒரே ஆசானிடம்

கார்போவ் 1951-ல் யூரல் மலைப் பிரதேசத்தில் ஸ்லாட்டவுஸ்ட் என்ற தொழில் நகரத்தில் பிறந்தவர். காஸ்பரோவ் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்; 1963-ல் காஸ்பியன் கடற்கரையில் உள்ள பாகு நகரில் பிறந்தார். ஏழு வயதில் தகப்பனாரை இழந்து தாயாரின் கவனிப்பில் வளர்ந்தவர். முன்னாள் உலக சாம்பியனும் மின் பொறியியல் வல்லுநருமான மிகயில் போட்வின்னிக் நடத்திய சதுரங்கப் பள்ளியில், வெவ்வேறு காலங்களில், இருவருமே பயின்றார்கள். குரு ஒருவர், சிஷ்யர்களின் போக்கோ நேர் எதிர்.

கார்போவின் ஆட்டம் ஆரவாரம் இல்லாதது. எதிராளி என்ன செய்ய நினைக்கிறார் என்பதை முன்கூட்டியே கண்டு, அதைச் செய்ய விடாமல் மெல்ல மெல்ல இடத்தைச் சுருக்கிக்கொண்டே போவார். காஸ்பரோவோ தாக்குதல் பிரியர். ஒரு காயைக் கொடுத்தாவது முன்கை எடுக்க வேண்டும் என்பவர். 1975-ல் அமெரிக்கரான பாபி ஃபிஷர் ஆட மறுத்துவிட்டதால், கார்போவுக்குப் பட்டம் ஆடாமலேயே கிடைத்தது. அந்தக் குறையைத் தீர்ப்பதுபோல் அவர் அதன் பிறகு எண்ணற்ற போட்டிகளில் வென்றார். 1978-லும் 1981-லும் கோர்ச்னாயை வீழ்த்திப் பட்டத்தைக் காத்தார்.

நடுவில் நிறுத்தப்பட்ட போட்டி

1984 செப்டம்பரில் மாஸ்கோவில் முதல் போட்டி தொடங்கியது. யார் முதலில் ஆறு ஆட்டங்களை வெல்கிறாரோ அவரே சாம்பியன். டிராக்கள் கணக்கில் சேரா. ஒன்பது ஆட்டங்கள் முடிந்தபோது கார்போவ் நான்கை வென்றிருந்தார், காஸ்பரோவ் ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் உலகம் நினைத்தது. காஸ்பரோவ் அப்போது தன் சுபாவத்தையே மாற்றிக்கொண்டார். தாக்குவதை நிறுத்திவிட்டுப் பொறுமையாக டிரா செய்ய ஆரம்பித்தார். தொடர்ந்து 17 டிராக்கள்! 27-வது ஆட்டத்தில் கார்போவ் ஐந்தாவது வெற்றியைப் பெற்றார். இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அந்த ஒன்று கடைசிவரை வரவில்லை. 32-வது ஆட்டத்தில் காஸ்பரோவ் முதல் முறையாக வென்றார். பிறகு மறுபடியும் டிராக்கள். 47, 48 ஆகிய இரண்டு ஆட்டங்களையும் காஸ்பரோவ் வென்றதும் கணக்கு 5-க்கு 3 என்று ஆயிற்று. கார்போவ் உடல் மெலிந்து போயிருந்தார்.

1985 பிப்ரவரி 15 அன்று உலக சதுரங்க சம்மேளனத்தின் தலைவர் காம்போமானஸ், ஆட்டக்காரர்கள் களைத்துப் போய்விட்டார்கள் என்ற காரணம் காட்டி, முடிவு இல்லாமலேயே போட்டியை நிறுத்திவிட்டார். ஆட்டக்காரர்கள் இருவருமே தொடர்ந்து ஆடத் தயார் என்றார்கள். கேட்பார் இல்லை.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு விதி நல்லதாகவும் இருக்கலாம், மோசமானதாகவும் இருக்கலாம். ஆட்டம் தொடங்குமுன் அதைத் திருத்துவதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் நடுவில் கை வைத்தால், யாருக்கு அனுகூலம் செய்ய நினைத்தோமோ அவருக்கும் சேர்த்தே அவப்பெயர் வரும். அன்று நிறுத்தியது கார்போவைக் காப்பாற்றுவதற்காக என்று ஒரு சாராரும், காஸ்பரோவைக் காப்பாற்றுவதற்காக என்று மற்றொரு சாராரும் வெகு காலம் வாதாடினார்கள். இன்னும் ஒரே ஓர் ஆட்டம் வென்றிருந்தால் போதும் என்ற நிலையில் இருந்த கார்போவுக்கு, அந்த ஒன்றை ஜெயித்துக் காட்டும் வாய்ப்பும் போயிற்று என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அடுத்த போட்டிக்குப் புதிய விதி வந்தது. மொத்தம் 24 ஆட்டங்கள்; 12-க்கு 12 என்று முடிந்தால் பட்டம் பழைய சாம்பியனிடமே தங்கும். 1985 நவம்பரில் அதன் கடைசி ஆட்டத்துக்கு வரும்போது காஸ்பரோவ் ஒரு புள்ளி முன்னே இருந்தார். கார்போவ் அந்த ஆட்டத்தை வென்றால் 12-12, பட்டம் தங்கிவிடும். வெள்ளைக் காய்களும் அவருக்குத்தான். ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தாக்குதலுக்குப் போனார், தோற்றார். 22 வயதில் காஸ்பரோவ் சாம்பியன் ஆனார். அதுவரை அத்தனை சிறிய வயதில் யாரும் அந்தப் பட்டத்தைப் பெற்றதில்லை. 1986-ல் லண்டனிலும் லெனின்கிராடிலும் நடந்த மறு போட்டியிலும் அவரே வென்றார். ஆனால் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். அதில் 17, 18, 19 ஆகிய மூன்று ஆட்டங்களைக் கார்போவ் அடுத்தடுத்து வென்றதைப் பார்த்தவர்கள் அவரைக் கணக்கிலிருந்து நீக்கவில்லை.

செவில்

1987 அக்டோபர் 12 அன்று செவில் நகரத்தின் லோபே தெ வேகா நாடக அரங்கில் நான்காவது போட்டி தொடங்கியது. கார்போவ் இரண்டாவது ஆட்டத்தை வென்றார், காஸ்பரோவ் நான்காவதை. கார்போவ் ஐந்தாவதை, காஸ்பரோவ் எட்டையும் பதினொன்றையும். பதினாறாவதில் கார்போவ் மீண்டும் சமன் செய்தார். அடுத்த ஆறும் டிரா. 22 ஆட்டங்களுக்குப் பின் 11-க்கு 11.

நான் அப்போது நாக்பூரில் உத்தியோகத்தில் இருந்தேன். மதிய இடைவேளையில் எங்கள் அலுவலகத்தில் நாலைந்து பேர் சதுரங்கப் பலகையோடு உட்காருவோம். ஆங்கில நாளிதழில் வரும் நகர்த்தல்களைப் பார்த்துக் காய்களை வைத்து ஆடிப் பார்ப்போம். மகாராஷ்டிர நண்பர் ஒருவர் தீவிரமான கார்போவ் பக்தர். "சத்தம் போடாமல் வேலை செய்கிறவர் அவர்தான்" என்பார். நான் காஸ்பரோவ் பக்கம். 23-வது ஆட்டத்தின் விவரம் வந்த அன்று அந்த நண்பர் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

காரணம் இதுதான். அந்த ஆட்டத்தில் காஸ்பரோவின் நிலை கஷ்டமாக இருந்தாலும் தாக்குப் பிடிக்கக்கூடியதாகவே இருந்தது. 50-வது நகர்த்தலில் ஒரு யானையைப் பலி கொடுத்துத் திடீர்த் தாக்குதலுக்குப் போனார். எதிராளியின் பதில் நகர்த்தல் ஒன்று அவர் கணக்கில் விட்டுப் போயிற்று. ஏழு நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. கார்போவ் 12, காஸ்பரோவ் 11.

அந்த ஆட்டம் டிசம்பர் 16 அன்று தொடங்கி, ஒத்திவைக்கப்பட்டு, 17 அன்று முடிந்தது. 24-வது ஆட்டம் 18 அன்று. நடுவில் ஓய்வு கிடையாது. கார்போவுக்கு ஒரு டிரா போதும், இழந்த பட்டம் திரும்பி வந்துவிடும். காஸ்பரோவ் ஜெயித்தே ஆக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் கார்போவ் நின்ற அதே இடத்தில், இப்போது காஸ்பரோவ்.

பதுங்கிய ஆட்டம்

ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டத்தில் வெள்ளைக் காய்களோடு உட்காரும் ஒரு தாக்குதல்காரர் என்ன செய்வார்? பாய்ந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். காஸ்பரோவ் பாயவில்லை. ராணி பக்கத்துச் சிப்பாய் ஒன்றை சி4 கட்டத்துக்குத் தள்ளினார். பிறகு இரண்டு பிஷப்புகளையும் (நம் பக்கத்தில் மந்திரி என்போம்) ஓரத்தில் நிறுத்தி, ராஜாவைப் பத்திரப்படுத்தி, மிக அமைதியான ஓர் அமைப்பை ஏற்படுத்தினார். காய்களை வெட்டிக்கொள்ள அவசரப்படவே இல்லை.

இதன் சூட்சுமத்தை யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். டிரா மட்டும் போதும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு, பலகையில் புயல் அடித்தால் ஒரு விதத்தில் சௌகரியம். தீர்க்கமான பதில்கள் தாமாகவே முன்னால் வந்து நிற்கும். காய்களும் மளமளவென்று குறையும். ஆனால் எதுவுமே நடக்காமல், எல்லாக் காய்களும் பலகையில் இருக்க, மணிக்கணக்கில் சின்னச் சின்ன முடிவுகளை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் அது வேறு விதமான சோதனை. "இது பத்திரமா, அது பத்திரமா" என்று ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்க்கத் தோன்றும். சரிபார்க்க நேரம் செலவாகும். அன்றைய விதிப்படி முதல் 40 நகர்த்தலுக்கு இரண்டரை மணி நேரம். கார்போவின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

முப்பது நகர்த்தல் ஆனபோது இருவரிடமும் ராணி, ஒரு யானை, ஐந்து சிப்பாய்கள் மிச்சம். காஸ்பரோவிடம் ஒரு மந்திரியும் குதிரையும். கார்போவிடம் இரண்டு குதிரைகள். நிலை ஏறக்குறைய சமம். 31-வது நகர்த்தலில் காஸ்பரோவ் தன் குதிரையைப் பலகையின் நடுவே இ5 கட்டத்தில் கொண்டு வந்து வைத்தார். அப்படி வைத்ததில் ஓரத்துச் சிப்பாய் ஒன்று காவல் இல்லாமல் நின்றது. கார்போவ் அதை வெட்டினார். யானைகள் இரண்டும் பலகையை விட்டு நீங்கின. 33-வது நகர்த்தலில் காஸ்பரோவ் தன் ராணியைத் தன் பக்கத்துக் கடைசி வரிசையிலேயே இரண்டு கட்டம் தள்ளி, டி1 கட்டத்தில் வைத்தார். பார்ப்பதற்குச் சாதாரணமான நகர்த்தல். ஆனால் அங்கிருந்து அது ஒரே சமயத்தில் இரண்டு திசையில் கண் வைத்தது: சிப்பாயை வெட்டிவிட்டு ஓரத்தில் தனியே நிற்கும் கறுப்புக் குதிரையின் மேல் ஒன்று, எதிரி ராஜாவின் வரிசைக்குப் போகும் டி பாதையின் மேல் மற்றொன்று.

இங்கேதான் போட்டியே திரும்பியது. ஓரத்துக் குதிரையை சி5 கட்டத்துக்குத் திருப்பி அழைத்துக்கொண்டிருந்தால் கார்போவ் தாக்குப் பிடித்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு. கடிகாரம் நெருக்க, அவர் மற்றொரு குதிரையை இ7 கட்டத்துக்கு நகர்த்தினார். ராணி டி8-ல் வந்து ராஜாவுக்கு முறை சொன்னது. ராஜா ஒதுங்கியது. வெள்ளைக் குதிரை எஃப்7 சிப்பாயை வெட்டியது. பரபரவென்று ஆளுக்கொரு குதிரை விழுந்தது. 40-வது நகர்த்தலில் காஸ்பரோவ் இன்னொரு சிப்பாயையும் வெட்டினார். புழுதி அடங்கியபோது அவரிடம் ராணி, மந்திரி, நான்கு சிப்பாய்கள். கார்போவிடம் ராணி, குதிரை, மூன்று சிப்பாய்கள். ஒரே ஒரு சிப்பாய் அதிகம். அவ்வளவுதான்.

உறைக்குள் ஒரு நகர்த்தல்

அக்காலத்தில் ஆட்டம் ஐந்து மணி நேரத்தில் முடியாவிட்டால் ஒத்திவைப்பார்கள். அடுத்து ஆட வேண்டியவர் தன் நகர்த்தலை ஒரு சீட்டில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிடுவார். மறுநாள் உறையைப் பிரித்து ஆட்டம் தொடரும். இரவெல்லாம் இரு தரப்பு உதவியாளர்களும் நிலையை அலசுவார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். கம்ப்யூட்டர் வந்து, இரவோடு இரவாக யார் வேண்டுமானாலும் விடையைத் தெரிந்துகொள்ளலாம் என்றான பிறகு, 1990-களில் இந்த வழக்கமே கைவிடப்பட்டது.

அன்று இருந்த நிலை, வெற்றி நிச்சயம் என்று அடித்துச் சொல்லக்கூடியது அல்ல. எல்லாச் சிப்பாய்களும் பலகையின் ஒரே பக்கத்தில் இருந்தன. அப்படி இருந்தால் காப்பவருக்குச் சௌகரியம் அதிகம். டிசம்பர் 19 அன்று ஆட்டம் தொடர்ந்தது. ஸ்பெயின் நாட்டுத் தொலைக்காட்சி அதை நேரடியாக ஒளிபரப்பியது. காஸ்பரோவ் மறுபடியும் அவசரப்படவில்லை. ராணியை இங்கே வைத்தார், அங்கே வைத்தார். மந்திரியை முன்னும் பின்னும் நகர்த்தினார். கார்போவின் குதிரை எஃப்8 கட்டத்தை விட்டு அசைய முடியாமல் நின்றது. ராஜா மூலையில் ஒதுங்கியது. காயை வெட்டாமல், முறைகூட அதிகம் சொல்லாமல், இடம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. அது முழுக்க முழுக்கக் கார்போவின் பாணி! ஏழு வருஷமாக எந்த ஆட்டத்தால் அவர் மற்றவர்களை நெருக்கினாரோ, இல்லை, அதைவிட அதிக வருஷமாகவே நெருக்கினாரோ, அதே ஆட்டத்தை இப்போது எதிரே அமர்ந்தவர் ஆடிக்கொண்டிருந்தார். 64-வது நகர்த்தலைப் பார்த்ததும் கார்போவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

12-க்கு 12. வெற்றிகள் நான்குக்கு நான்கு, டிரா பதினாறு. விதிப்படி பட்டம் காஸ்பரோவிடமே தங்கியது. நாக்பூர் நண்பருக்கு அன்று நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது: "உன் ஆள் ஜெயித்தான், என் ஆள் மாதிரி ஆடி."

சமம் என்றால் என்ன?

கடைசி ஆட்டத்தை வென்று பட்டத்தைக் காத்துக்கொண்ட சாம்பியன்கள் மிகச் சிலரே. 1910-ல் லாஸ்கர், ஷ்லெக்டருக்கு எதிராக பத்தாவது ஆட்டத்தை வென்று 5-5 ஆக்கினார். 2004-ல் கிராம்னிக், லேகோவுக்கு எதிராகப் பதினான்காவது ஆட்டத்தை வென்று 7-7 ஆக்கினார். இவர்களுக்கு நடுவில் செவில்.

சமநிலையில் பட்டம் சாம்பியனுக்கே என்ற விதி நியாயமா என்று கேட்கலாம். நியாயம் இல்லை என்றுதான் பிற்காலத்தில் முடிவு செய்தார்கள். 2006 முதல் சமநிலை வந்தால் விரைவு ஆட்டங்கள் ஆடித் தீர்க்கிறார்கள். ஆனால் செவிலில் அந்த விதி முதல் நாளே இருவருக்கும் தெரியும். அதனால்தான் முடிவை யாரும் குறை சொல்லவில்லை. நம் விஸ்வநாதன் ஆனந்துக்கு நேர்ந்ததை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1997 டிசம்பரில் குரோனிங்கன் நகரில் பல சுற்றுகள் ஆடி வென்று, மூன்றே நாளில் லாசேன் நகரம் போய் 1998 ஜனவரி 2 அன்று, நேரடியாக இறுதிக்கு அனுமதிக்கப்பட்ட கார்போவை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஆறு ஆட்டங்கள் 3-3. விரைவு ஆட்டத்தில் கார்போவ் வென்றார். அதுவும் முன்பே அறிவித்த விதிதான். இருந்தாலும் விதி முன்பே தெரிந்திருந்தால் மட்டும் போதாது, இரு தராசுத் தட்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை அது காட்டியது.

ஆரம்பத்தில் சொன்ன 21-க்கு 19 என்ற கணக்கையும் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். கார்போவின் 19 வெற்றிகளில் ஐந்து, முதல் 27 ஆட்டங்களிலேயே வந்தவை. அதுவரை காஸ்பரோவுக்கு ஒன்றும் இல்லை. அதன் பிறகு காஸ்பரோவ் 21, கார்போவ் 14. ஆக, இருவரும் எல்லா நாளும் சமமாக இருந்தார்கள் என்பதல்ல. முதலில் ஒருவர் மேலே இருந்தார். மற்றவர் அவரிடமிருந்தே கற்றுக்கொண்டு மேலே போனார். கூட்டிப் பார்த்தால் சமமாகத் தெரிகிறது. தன்னைத் தோற்கடித்தவனிடமிருந்து கற்றுக்கொள்ள முடிந்தது என்பதே காஸ்பரோவின் பெரிய பலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பலகைக்கு வெளியே இருவரும் வெகு காலம் விரோதிகளாகவே இருந்தார்கள். ஆனால் 2007 நவம்பரில் மாஸ்கோவில் ஓர் அரசியல் ஊர்வலத்துக்காகக் காஸ்பரோவ் ஐந்து நாள் சிறை வைக்கப்பட்டபோது, அவரைப் பார்ப்பதற்காகச் சிறை வாசல் வரை போனவர் கார்போவ். உள்ளே விடவில்லை. 2010-ல் கார்போவ் உலக சம்மேளனத் தலைவர் தேர்தலில் நின்றபோது, அவருக்காக ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர் காஸ்பரோவ். பின்னர் அரசியல் அவர்களை மறுபடியும் எதிர் எதிர்த் திசையில் கொண்டு போயிற்று: கார்போவ் 2011 முதல் ரஷ்ய நாடாளுமன்ற உறுப்பினர், காஸ்பரோவ் 2013 முதல் வெளிநாட்டில்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நம் குகேஷ், டிங் லிரனோடு ஆடிய பதினான்காவது ஆட்டத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் கணக்கு 6½-க்கு 6½. டிராவாகத்தான் முடியும் என்று எல்லோரும் நினைத்த நிலையில், குகேஷ் விடாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் டிங் தவறினார். 18 வயதில் குகேஷ் சாம்பியன். காஸ்பரோவ் 22 வயதில் படைத்த சாதனை அன்று முறிந்தது. முறிந்த விதம் மட்டும் செவிலை நினைவுபடுத்துவது: பாய்ச்சல் அல்ல, விடாப்பிடி.

நம் அங்கத்தினர்களின் வீடுகளில் இன்று சதுரங்க வகுப்புக்குப் போகாத குழந்தைகள் குறைவு. அவர்களிடம் ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். செவில் 24-வது ஆட்டத்தின் நகர்த்தல்கள் எளிதில் கிடைக்கும். பேரனோ பேத்தியோ பக்கத்தில் இருக்க, பலகையில் ஒவ்வொன்றாக ஆடிக்கொண்டு போங்கள். வெள்ளை ராணி டி1-க்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "கறுப்புக்கு நீ என்ன ஆடுவாய்?" என்று கேளுங்கள். கம்ப்யூட்டரைப் பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம்தான் அவகாசம். கார்போவுக்கு அன்று அவ்வளவுகூட இருந்திருக்காது.